கடைசியில் கொஞ்சம் கசக்கும்: வெர்திக்கியோ ஒயினுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

இத்தாலியின் அங்கோனா துறைமுகத்தை ஒட்டிய ஒரு சின்ன உணவகத்தில்தான் முதன்முதலாக வெர்திக்கியோ என்ற வெள்ளை ஒயினைக் குடித்தேன். மத்தியான நேரம், நல்ல பசி. உட்கார்ந்ததும் ஒயின் வந்துவிட்டது, சாப்பாடு வரவில்லை. வெளிர்மஞ்சளில் லேசாகப் பச்சை ஓடும் நிறம். முதல் வாய் நன்றாகத்தான் இருந்தது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள் என்று ஏதோ ஞாபகம் வந்தது. விழுங்கிய பிறகுதான் அடிநாக்கில் ஒரு கசப்பு எட்டிப் பார்த்தது. பாதாம் பருப்பைத் தோலோடு மென்றால் கடைசியில் வருமே, அதே கசப்பு. பாட்டில் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். கேட்கவும் கூச்சம்.

அப்புறம் பொரித்த ஆலிவ் வந்தது. ஒன்றைக் கடித்து, எண்ணெய் வாயில் இருக்கும்போதே இன்னொரு வாய் ஒயின். கசப்பைக் காணோம். எண்ணெய்ப் பிசுக்கும் போய், வாய் அடுத்த ஆலிவுக்குத் தயாராகியிருந்தது.

இந்த ஒயினைப் பற்றிச் சொல்ல எனக்கு இருப்பது பெரும்பாலும் இதுதான். வெர்திக்கியோவை வெறும் வாயில் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பக்கத்தில் தட்டு இருக்க வேண்டும். எந்த பாட்டிலை எடுப்பது, தட்டில் என்ன வைப்பது என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

இது எந்த ஊர்ச் சரக்கு

இத்தாலியின் கிழக்குக் கரையில், அபெனைன் மலைத்தொடருக்கும் அத்ரியாட்டிக் கடலுக்கும் நடுவே இருக்கும் மாநிலம் மார்க்கே. தலைநகர் அங்கோனா. மலையிலிருந்து இறங்கிக் கடலில் சேரும் எசினோ ஆற்றின் இரு கரைக் குன்றுகளிலும் வெர்திக்கியோ திராட்சை விளைகிறது. பச்சையைக் குறிக்கும் 'வெர்தே' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர். பழுத்த பிறகும் பழத்தில் பச்சை மங்குவதில்லை. ஒயினிலும் அதன் சாயல் தங்கிவிடுகிறது. வடக்கே சோவாவே பகுதியில் 'த்ரெப்பியானோ தி சோவாவே' என்று அழைக்கப்படும் திராட்சையும் இதுவும் ஒன்றே என்று மரபணுச் சோதனை சொல்கிறது.

மார்க்கேயில் வெர்திக்கியோவுக்குப் பெயர்போன பகுதிகள் இரண்டு. பெரியது யேஸி நகரைச் சுற்றியது. எழுத்தில் அந்தப் பெயர் 'ஜே'யில் தொடங்கினாலும் இத்தாலியர் வாயில் அது யேஸிதான். ஒயினின் முழுப் பெயர் 'வெர்திக்கியோ தெய் காஸ்தெல்லி தி யேஸி'. காஸ்தெல்லி என்றால் கோட்டைகள். இடைக்காலத்தில் யேஸியின் ஆளுகையில் இருந்த, மதில் சூழ்ந்த குன்றூர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்: குப்ரமொந்தானா, ஸ்தாஃபோலோ, மொந்தெகரோத்தோ, மயோலாத்தி போன்ற ஊர்கள். கடல் பக்கம் திறந்த நிலம் என்பதால் காற்று தாராளமாக வரும்.

மாத்தெலிக்கா சின்னப் பகுதி. கடலிலிருந்து உள்ளே தள்ளி, மலைகளுக்கு நடுவே வடக்குத் தெற்காக ஓடும் பள்ளத்தாக்கு. இத்தாலியின் இந்தப் பக்கத்தில் ஆறுகளும் பள்ளத்தாக்குகளும் பெரும்பாலும் கடலைப் பார்த்துத்தான் ஓடும். இது அப்படி இல்லை. கடல்காற்றை மலை மறித்துவிடுகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். அதனால் மாத்தெலிக்கா ஒயினில் புளிப்பு கூர்மையாக இருக்கும், சுவையும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். யேஸிக்காரர் உடனே சிரித்துப் பேசுவார், மாத்தெலிக்காக்காரர் பழகப் பழகப் பேசுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேபிளைப் படிக்கும் முறை

கடையில் நிற்கும்போது குழப்புவது லேபிள்தான். நாலைந்து சொற்கள் தெரிந்தால் போதும்.

டி.ஓ.சி. என்று இருந்தால், அந்த ஒயின் குறித்த எல்லைக்குள், குறித்த விதிப்படி தயாரானது என்று பொருள். மாத்தெலிக்காவுக்கு 1967-லும் யேஸிக்கு 1968-லும் இது கிடைத்தது. இரண்டிலும் குறைந்தது 85 சதவீதம் வெர்திக்கியோ இருக்க வேண்டும். நடைமுறையில் நல்ல தயாரிப்பாளர்கள் பலரும் முழுக்க வெர்திக்கியோவையே போடுகிறார்கள்.

'கிளாசிக்கோ' என்பது யேஸி பகுதியின் பழைய, மூல நிலப்பரப்பு. சுவையைப் பற்றிய சொல் இல்லை, இடத்தைப் பற்றியது. அதோடு 'சுப்பீரியோரே' சேர்ந்தால் கொஞ்சம் கூடுதலாகப் பழுத்த திராட்சை, கூடுதல் கனம். ஆல்கஹால் குறைந்தது 12 சதவீதம்.

'ரிசெர்வா' என்பது மேல்தட்டு. 2010-இல் இரண்டு பகுதிகளின் ரிசெர்வாவுக்கும் டி.ஓ.சி.ஜி. என்ற உயர்ந்த தகுதி தரப்பட்டது. குறைந்தது 18 மாதம் முதிர வைத்துத்தான் விற்க வேண்டும்; யேஸி ரிசெர்வா என்றால் அதில் 6 மாதமாவது பாட்டிலில். ஆல்கஹால் 12.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கழுத்தில் எண் அச்சிட்ட அரசாங்கக் காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். இதில் ஒரு வேடிக்கை: சாதாரண பாட்டிலில் வெர்திக்கியோ முதலில் வரும், ஊர்ப்பெயர் பிறகு. யேஸி ரிசெர்வாவில் தலைகீழ். 'காஸ்தெல்லி தி யேஸி வெர்திக்கியோ ரிசெர்வா' என்று எழுதியிருக்கும். வேறு ஏதோ ஒயின் என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள்.

அடுத்து அறுவடை ஆண்டைப் பாருங்கள். ரிசெர்வா இல்லை என்றால், இரண்டு மூன்று ஆண்டுக்குள் இருப்பதை எடுங்கள். அதற்கு மேல் கடை அலமாரியில் வெளிச்சம் பட்டுக்கொண்டு நின்றதை நம்ப வேண்டாம். ரிசெர்வாவுக்கு வயது ஒரு குறை இல்லை. ஐந்து, பத்து ஆண்டு தாண்டிய ரிசெர்வாவில் தேனும் சோம்பும் வறுத்த பருப்பும் மணக்கும். புளிப்பு மட்டும் குறையாமல் நிமிர்ந்து நிற்கும். இத்தனை வயதைத் தாங்கும் வெள்ளை ஒயின்கள் இத்தாலியில் அதிகம் இல்லை.

மீன் வடிவ பாட்டிலோ என்று தோன்றும் ஒரு பச்சை பாட்டிலையும் பார்ப்பீர்கள். அது மீன் இல்லை, பழைய காலத்து ஆம்ஃபோரா ஜாடி. ஃபாத்ஸி பத்தாலியா நிறுவனத்துக்காக 1953-இல் அந்தோனியோ மயோக்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. கழுத்தில் ஒரு சுருள் காகிதம் வேறு தொங்கும். வெர்திக்கியோ உலகம் சுற்றியது இந்த பாட்டிலில்தான். ஆனால் அழகான பாட்டில் என்றால் உள்ளே சுமாராகத்தான் இருக்கும் என்ற பெயரும் இந்தத் திராட்சைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பெயரைக் கழுவ ஊருக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. நமக்கு அதனால் ஒரு லாபம்: தரத்தோடு ஒப்பிட்டால் விலை இன்னும் எட்டாத உயரத்துக்குப் போகவில்லை.

முதல் பாட்டிலாக எதை வாங்குவது? என் யோசனை, யேஸியின் கிளாசிக்கோ சுப்பீரியோரே. கரோஃபோலி தயாரிக்கும் 'போதியும்' மரப்பீப்பாயைத் தொடாமல் முதிர்ந்தது. திராட்சை எப்படி என்று அப்படியே காட்டிவிடும். உமானி ரோன்கியின் 'கசால் தி செர்ரா'வும் பழக நல்ல ஒயின். மாத்தெலிக்காவிலிருந்து கொல்லெஸ்தெஃபனோ. ரிசெர்வாவுக்கு வரும்போது வில்லா புச்சி: பெரிய, பழைய ஓக் பீப்பாய்களில் முதிர்வது. புச்சி என்று குறுக்கியே சொல்லுங்கள், நீட்டினால் தமிழில் விபரீதம்.

குளிர்விப்பது

பலர் இங்கேதான் கெடுக்கிறார்கள். ஃபிரிட்ஜின் குளிர் சுமார் 4 டிகிரி. அந்தக் குளிரில் எந்த வெள்ளை ஒயினும் புளித்த தண்ணீர் மாதிரிதான் இருக்கும். இளம் வெர்திக்கியோவுக்கு 8 முதல் 10 டிகிரி சரி. ரிசெர்வாவுக்கு 12 வரை போகலாம். வெப்பமானி வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். ரிசெர்வா என்றால் அரை மணி நேரம். அவசரம் என்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு பிடி உப்பு. கால் மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலைச் சுற்றி இடைவெளி விழும், நேரம் இழுக்கும்.

கிளாஸில் ஐஸ் போடாதீர்கள். போட்டால் போலீஸ் வராது, ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஒயினில் தண்ணீர் கலந்த மாதிரி ஆகிவிடும்.

ருசிப்பது

காம்பு நீண்ட, வாய் கொஞ்சம் குறுகிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். நிறத்தைப் பாருங்கள், சுழற்றுங்கள், முகருங்கள். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், பீச், சில சமயம் வெள்ளைப் பூ, சோம்பு, நறுக்கிய புல். எல்லாம் ஒரே கிளாஸில் கிடைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எனக்குச் சோம்பு பிடிபட ஒரு வருடம் ஆனது.

ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் நாக்கில் உருட்டுங்கள். இனிப்பு இருக்காது. கன்னத்து ஓரத்தில் எச்சில் ஊறும், அது புளிப்பு. அப்புறம் விழுங்கி, அமைதியாக ஐந்து நொடி காத்திருங்கள். அந்தப் பாதாம் கசப்பு வரும். அதுதான் இந்தத் திராட்சையின் கையெழுத்து. பாகற்காய்ப் பொரியலுக்கு இரண்டாம் தடவை கை நீட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

உண்மையிலேயே கெட்டுப்போன பாட்டில் வேறு மாதிரி இருக்கும். ஈர அட்டைப்பெட்டி, பழைய நிலவறை வாடை அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது. இளம் ஒயின் பழுப்பேறி, நறுக்கி வைத்துக் கறுத்த ஆப்பிள் மாதிரி மணந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. இரண்டுக்கும் உணவகத்தில் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம். கசப்புக்காகத் திருப்பாதீர்கள்.

தட்டில் என்ன வைப்பது

இந்த ஒயினில் இருக்கும் மூன்று விஷயங்களை வைத்து யோசித்தால் எந்த உணவுக்கும் விடை கிடைத்துவிடும். புளிப்பு எண்ணெயையும் கொழுப்பையும் அறுக்கும். கசப்பு, உப்பும் கொழுப்பும் பட்டதும் அடங்கும். சோம்பு வாசனை, சோம்பு போட்ட சமையலோடு கை கோக்கும். மார்க்கே சமையலில் இந்த மூன்றுக்கும் வேலை இருக்கிறது.

பொரித்ததில் தொடங்குங்கள். மார்க்கேயின் தெற்கே அஸ்கோலி பிச்சேனோ நகரத்து ஆலிவ், பெரியது, சதை மென்மையானது. கொட்டையை நீக்கிச் சுருளாகச் சீவி, மாடு, பன்றி, கோழி என்று கலந்து வதக்கி அரைத்த இறைச்சியோடு பாலாடைக்கட்டியும் ஜாதிக்காயும் சேர்த்து உள்ளே வைத்து, மறுபடி ஆலிவ் வடிவத்துக்கு உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கிறார்கள். தெருவில் காகிதக் கூம்பில் போட்டுத் தருவார்கள். நான் முதலில் சொன்ன ஆலிவ் இதுதான். இதற்கு இளம் கிளாசிக்கோ போதும்; ரிசெர்வாவை வீணாக்காதீர்கள். பொரித்த நெத்திலி, கணவாய், சின்ன நவரை மீன் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

அடுத்து ப்ரோதெத்தோ, அத்ரியாட்டிக் கரையின் மீன் குழம்பு. விலைபோகாத சின்ன மீன்களை மீனவர்கள் படகிலேயே கொதிக்க வைத்ததில் பிறந்தது. இன்று ஒவ்வொரு துறைமுகமும் எங்களுடையதுதான் அசல் என்று சண்டை போடுகிறது. அங்கோனாவில் 13 வகை மீன் போட வேண்டும் என்பது மரபு. தக்காளியும் வினிகரும் உண்டு. தெற்கே சான் பெனெதெத்தோவில் பச்சைத் தக்காளி, குடைமிளகாய், வினிகர். போர்த்தோ ரெகனாத்தியில் தக்காளியே கிடையாது, காட்டுக் குங்குமப்பூ போட்டு மஞ்சளாக வைக்கிறார்கள். இவற்றில் ஒயினைச் சோதிப்பது வினிகர்தான். குழம்பின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். வெர்திக்கியோ அங்கே தோற்பதில்லை. தக்காளி, வினிகர் போட்ட குழம்புக்குக் கனமான சுப்பீரியோரே. குங்குமப்பூக் குழம்புக்கு, எனக்குப் பிடித்தது, மாத்தெலிக்கா.

அங்கோனாவின் இன்னொரு பெருமை ஸ்தோக்கஃபீஸ்ஸோ. நார்வேயிலிருந்து வரும், உப்பில்லாமல் காற்றிலேயே விறகாகக் காய்ந்த காட் மீன். கருவாடுதான், உப்பு மட்டும் இல்லை. நாட்கணக்கில் ஊற வைத்து, உருளைக்கிழங்கு, தக்காளி, தாராளமாக ஆலிவ் எண்ணெய், வெர்திக்கியோ ஒயின் ஊற்றி மணிக்கணக்கில் கிளறாமல் வேக வைப்பார்கள். அடிப்பிடிக்காமலிருக்கப் பானையின் அடியில் நாணல் குச்சிகளைப் பரப்புவது பழைய வழக்கம். சட்டிக்குள் ஊற்றிய அதே ஒயினைக் கிளாஸிலும் ஊற்றினால் பொருத்தம் பார்க்கத் தேவையே இல்லை. கொஞ்சம் வயதான சுப்பீரியோரேயோ ரிசெர்வாவோ இருந்தால் இன்னும் நல்லது, எண்ணெய் அவ்வளவு இருக்கும்.

சோம்புக்கு வருவோம். மார்க்கே சமையலில் 'இன் போர்க்கெத்தா' என்று எந்த உணவின் பெயரில் வந்தாலும், காட்டுச் சோம்பும் பூண்டும் போட்டுச் சமைத்தது என்று புரிந்துகொள்ளலாம். முயலை இப்படிச் சுடுவார்கள். அங்கோனாவில் கடல் நத்தையைக்கூட இப்படி வைப்பார்கள். வெள்ளை ஒயினை இறைச்சிக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவருக்கு அந்த முயலைக் கொடுங்கள், பக்கத்தில் ரிசெர்வா ஒரு கிளாஸ். ஊர்க்காரர்கள் லசான்யா போல அடுக்கடுக்காகச் செய்யும் வின்சிஸ்கிராஸ்ஸி, கோழி ஈரலும் உள்ளுறுப்புகளும் போட்ட கனமான விஷயம். அதற்கும் முதிர்ந்த ரிசெர்வா ஈடு கொடுக்கும்.

சமைக்க நேரமில்லையா? ரொட்டியில் வெண்ணெய் போலத் தடவும் சியாவுஸ்கோலோ சலாமி, ஆட்டுப்பால் பெக்கொரீனோ பாலாடைக்கட்டி, உப்பிட்ட பாதாம். மாலைக்கு அது போதும்.

சேராததும் உண்டு. இனிப்புப் பண்டத்தோடு வைத்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தோன்றும். இனிப்புக்கு உலர்ந்த திராட்சையில் செய்யும் 'பசீத்தோ' வகை வெர்திக்கியோ தனியாக இருக்கிறது. கடும் காரத்தோடும் வேண்டாம். 13 சதவீத ஆல்கஹால் காரத்தை ஊதிப் பெரிதாக்கிவிடும், கசப்பும் முன்னால் வந்து நிற்கும். நன்றாக வதங்கிய மாட்டிறைச்சிக்கு, அதே ஊர்ப்பக்கம் விளையும் மொந்தெபுல்சியானோ என்ற சிவப்புத் திராட்சை இருக்கிறது, அங்கோனாவின் ரொஸ்ஸோ கோனெரோ என்ற சிவப்பு ஒயினை அதில்தான் செய்கிறார்கள்.

ஊருக்கே போவதானால்

அங்கோனாவிலிருந்து ரோம் போகும் ரயில் பாதையில் அரை மணி நேரத்தில் யேஸி. பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1194-இல் பிறந்த ஊர். பழைய மதில் இன்னும் நிற்கிறது. அதே பாதையில் கொஞ்சம் மேலே 'காஸ்தெல்பிளானியோ – குப்ரமொந்தானா' என்று ஒரு ஸ்டேஷன் வரும். பெயரை நம்பி இறங்கிவிடாதீர்கள். ஸ்டேஷன் ஆற்றங்கரையில், குப்ரமொந்தானா மலைமேல். பஸ்ஸோ காரோ வேண்டும். அங்கே ஒயின் லேபிள்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, அக்டோபர் தொடக்கத்தில் திராட்சைத் திருவிழாவும் நடக்கிறது.

தயாரிப்பாளர்களைப் பார்க்க முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புங்கள். பலவும் குடும்பத் தோட்டங்கள். அறுவடை நாளில் போய் நின்றால் பேச ஆள் இருக்காது. நாளுக்கு இரண்டு இடம் போதும். துப்பும் பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் துப்புங்கள். கார் ஓட்டுபவருக்கு இத்தாலியில் இரத்த ஆல்கஹால் எல்லை லிட்டருக்கு 0.5 கிராம், லைசென்ஸ் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்குப் பூஜ்ஜியம்.

மிச்சம் இருந்தால்

திறந்த பாட்டிலை கார்க் போட்டு ஃபிரிட்ஜில் நிற்க வையுங்கள். இளம் ஒயின் இரண்டு மூன்று நாள் தாங்கும். ரிசெர்வா சில சமயம் இரண்டாம் நாள்தான் வாய் திறக்கும், அதனால் பதறவேண்டாம்.

நான்காம் நாள் ஆகிவிட்டது, ஒரு கிளாஸ் அளவு கிடக்கிறது என்றால் மட்டி வாங்குங்கள். அங்கோனாவுக்குத் தெற்கே போர்த்தோநோவோ பாறைகளில் தானாக வளரும் கறுப்பு ஓட்டு மட்டியை 'மோஷ்யோலி' என்கிறார்கள். உங்கள் ஊரில் கிடைக்கும் மட்டி போதும். ஓட்டைத் தேய்த்துக் கழுவி, உடைந்ததையும் தட்டினால் மூடாததையும் எறிந்துவிடுங்கள். அகலமான சட்டியில் ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டு இரண்டு பல். பூண்டு மணந்ததும் மட்டியைக் கொட்டி, மிச்ச ஒயினை ஊற்றி, தீயைக் கூட்டி மூடுங்கள். உப்பு போட வேண்டாம், மட்டியே கடல்நீரை விடும். நாலைந்து நிமிடத்தில் ஓடுகள் திறக்கும். திறக்காததை ஒதுக்கிவிட்டு, அடியில் இருக்கும் சாற்றைத் தொட்டுக்கொள்ள ரொட்டியை எடுத்து வையுங்கள்.